விபத்தில் நொறுங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்: ரிப்பேர் பண்ணலாமா, அப்படியே விற்றுவிடலாமா? 'மிஸ்டர் பீன்' கார் சொல்லும் கணக்கு

2011 ஆகஸ்ட் மாதம். இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகருக்கு அருகே ஒரு கார் சாலையிலிருந்து சறுக்கி, மரத்தில் மோதி, தீப்பிடித்தது. ஓட்டி வந்தவர் தோளில் காயத்தோடு தப்பினார். அவர், நம்ம ஊர் குழந்தைகளுக்கும் தெரிந்த 'மிஸ்டர் பீன்' ரோவன் அட்கின்சன். கார், மெக்லாரன் எஃப்1.

உலகத்திலேயே மொத்தம் 106 மட்டுமே தயாரான மாடல் அது. அதில் சாலையில் ஓட்டுவதற்காகச் செய்தவை 64தான். 1997-இல் சுமார் 5 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டு கொடுத்து அட்கின்சன் அதை வாங்கியிருந்தார். விபத்துக்குப் பிறகு அதைச் சரிசெய்ய ஆன செலவு 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு. வாங்கிய விலையைவிட ரிப்பேர் பில் அதிகம்! பிரிட்டனில் ஒரு காருக்கு அதுவரை கொடுக்கப்பட்ட மிகப்பெரிய ரிப்பேர் தொகை இதுதான் என்று அப்போது செய்திகள் வந்தன. பணத்தைக் கொடுத்தது இன்ஷூரன்ஸ் நிறுவனம்.

"இவ்வளவு செலவு பண்றதுக்கு அதைக் காயலான் கடைக்குப் போட்டிருக்கலாமே" என்று தோன்றும். ஆனால் 2015-இல் அதே கார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்பனையானது. இத்தனைக்கும் அது 41 ஆயிரம் மைல் ஓடிய வண்டி. 1999-இலும் ஒரு முறை மோதியிருக்கிறது.

அப்படியென்றால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் அடிபட்டால் எப்போதும் ரிப்பேர் பண்ணுவதுதான் லாபமா? இல்லை. பெரும்பாலான கார்களுக்கு இந்தக் கணக்கு எதிர்மாறாகத்தான் வரும். எந்தக் காருக்கு எப்படி வரும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

வாங்கிய விலையை மறந்துவிடுங்கள்

அட்கின்சன் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று. ரிப்பேர் செலவை அவர் 1997-இல் வாங்கிய விலையோடு யாரும் ஒப்பிடவில்லை. சரிசெய்த பிறகு சந்தையில் என்ன போகும் என்பதோடுதான் ஒப்பிட்டார்கள். 2011-இலேயே அந்தக் காரின் மதிப்பு பல லட்சம் பவுண்டு ஏறியிருந்தது. அதனால்தான் 9 லட்சம் பவுண்டு பில் வந்தும் அதை 'டோட்டல் லாஸ்' என்று எழுதித் தள்ளவில்லை.

உங்கள் வீட்டுக் காருக்கும் இதே கணக்குதான். மூன்று எண்கள் வேண்டும். இப்போது, உடைந்த நிலையில், அப்படியே விற்றால் என்ன கிடைக்கும்? சரிசெய்ய எவ்வளவு ஆகும்? சரிசெய்த பிறகு, விபத்தான வண்டி என்று தெரிந்தும், என்ன விலைக்குப் போகும்?

ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். நல்ல நிலையில் 20 லட்சம் போகும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். அடிபட்ட நிலையில் 6 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். பட்டறையில் 9 லட்சம் ஆகும் என்கிறார்கள். சரிசெய்த பிறகு, பழைய விபத்தைச் சொல்லி விற்றால் 17 லட்சம் கிடைக்கும்.

17-இல் 9 போனால் 8. இப்போதே விற்றால் 6. ஆக, ரிப்பேர் செய்தால் 2 லட்சம் அதிகம். சரிசெய்வதே மேல் என்று தோன்றுகிறதா?

கொஞ்சம் பொறுங்கள். 9 லட்சம் என்று சொன்ன வேலை 30 சதவீதம் கூடினால் 11 லட்சத்து 70 ஆயிரம். இப்போது 17-இல் 11.70 போனால் 5.30. அப்படியே விற்றிருந்தால் கிடைத்திருக்கும் 6 லட்சத்தைவிட 70 ஆயிரம் குறைவு. அதோடு ஒன்றிரண்டு வருட அலைச்சலும் உங்களுடையது.

பழைய கார் வேலையில் 30 சதவீதம் கூடுவது ஒன்றும் அதிசயம் இல்லை. வெளியே தெரிகிற நசுங்கலுக்குத்தான் எஸ்டிமேட் போடுகிறார்கள். பெயிண்ட்டைச் சுரண்டிய பிறகுதான் முந்தைய ஓனர் காலத்துப் பட்டியும், அதற்குக் கீழே துருவும் வெளியே வரும். எனவே கொட்டேஷன் தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி வைத்துக்கொண்டு பாருங்கள். அப்போதும் லாபம் தெரிந்தால் மட்டும் பணத்துக்காக ரிப்பேர் பண்ணலாம்.

எங்கே அடிபட்டிருக்கிறது?

பம்பர், ஃபெண்டர், கதவு, கண்ணாடி போனால் அது பணப் பிரச்னை. வண்டியின் எலும்புக்கூடு வளைந்தால் அது வேறு பிரச்னை. ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்த எலும்புக்கூடு ஒரே மாதிரி இருப்பதில்லை. அதனால் ஒரே மாதிரி அடி, ஒரு காருக்குச் சாதாரணமாகவும் இன்னொன்றுக்கு உயிர்போகிற விஷயமாகவும் ஆகிவிடுகிறது.

பிரிட்டனின் எம்.ஜி.பி-யை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். இதற்குத் தனியாக சேஸ் கிடையாது. பாடியே சேஸ். கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற பெட்டி போன்ற பகுதிதான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. கூரை இல்லாத மாடலில் அதன் மேல் விழும் பாரம் இன்னும் அதிகம்.

பக்கவாட்டில் அடிபட்டு அந்த சில் நசுங்கினாலோ, துருவால் பொத்தலானாலோ, வெட்டி எடுத்து புதிதாக வெல்டிங் வைக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் பாடிக்குச் சரியாக முட்டுக்கொடுக்காவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு மூடாது. மூடினால் திறக்காது. டிங்கரிங் தெரிந்த எல்லாருக்கும் இந்த வேலை தெரியும் என்று நினைத்துக் கொடுத்தவர்கள் பலர் இரண்டாவது முறை செலவு செய்திருக்கிறார்கள்.

எம்.ஜி.பி-க்கு ஒரு பெரிய ஆறுதல் உண்டு. 'பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ்' என்ற நிறுவனம், பழைய தொழிற்சாலையின் அச்சுக்களை வைத்தே 1988 முதல் புத்தம்புது பாடியைச் செய்து விற்கிறது. பாடி மொத்தமாகப் போனாலும் புதுசு வாங்கி, பழைய இஞ்சின், கியர் பாக்ஸ், சீட் எல்லாவற்றையும் அதில் மாற்றிவிடலாம். எல்லா பழைய காருக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது.

இதற்கு நேர் எதிர் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இதில் சேஸ் தனி, பாடி தனி. பாடியைக் கழட்டி வைத்துவிட்டு சேஸை அளந்து பார்க்கலாம், நிமிர்த்தலாம், மாற்றலாம். இந்தக் காருக்கும் நமக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. ஸ்பிட்ஃபயர், டிரையம்ப் ஹெரால்டு காரின் சேஸைச் சுருக்கி உருவாக்கப்பட்டது. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ்' நிறுவனம் தயாரித்து விற்றது. 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' வேலை பார்த்த பழைய மெக்கானிக்குகளுக்கு ஸ்பிட்ஃபயரின் அடிப்பாகம் அந்நியமாக இருக்காது.

ஜாகுவார் இ-டைப் இரண்டும் கலந்த கேஸ். நடுப்பகுதி பாடியே சேஸாக இருக்கும். முன்னால் இஞ்சினைத் தாங்குவது போல்ட் போட்டு மாட்டிய குழாய் ஃப்ரேம். முன்பக்கம் மோதினால் அந்த ஃப்ரேமைக் கழட்டி மாற்ற முடியும் என்பது நல்ல விஷயம். ஆனால் மெல்லிய, உறுதியான குழாய் என்பதால் தட்டி நிமிர்த்தி, வெல்டிங் வைத்துச் சமாளிக்கிற வேலை இங்கே செல்லாது. உள்ளே துரு பிடித்தால் வெளியே தெரியவும் தெரியாது. அப்படி 'சமாளித்த' இ-டைப் பார்ப்பதற்கு அழகாக இருக்கும், ஓட்டுவதற்கு ஆபத்து.

லோட்டஸ் எலான், கார்வெட் போன்றவற்றின் பாடி ஃபைபர் கிளாஸ். துருப்பிடிக்காது. ஆனால் உள்ளே இருக்கும் இரும்பு சேஸ் துருப்பிடிக்கும். பாடி பளபளப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. மார்கன் கார்களில் பாடிக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கும். வெள்ளத்தில் நின்ற மார்கன் என்றால் மெக்கானிக்கோடு சேர்த்து ஆசாரியையும் கூப்பிட வேண்டும்!

தீ, தண்ணீர் இரண்டுமே மோதலைவிட மோசம். மோதலில் அடி ஓரிடத்தில் இருக்கும். தீப்பிடித்தால் தகடு முறுக்கிக்கொள்ளும், வயரிங் முழுக்கப் போய்விடும், அலுமினிய பாகங்கள் சூட்டில் வலுவை இழக்கும். வெள்ளத்தில் மூழ்கிய காரில் முதல் தப்பே சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை இஞ்சின் வேலையாக மாறும். பேட்டரியைக் கழட்டிவிட்டு, வண்டியைத் தள்ளியோ தூக்கியோதான் கொண்டுபோக வேண்டும்.

எரிந்துபோன ஃபெராரிக்கு 18 லட்சம் டாலரா?

2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் மான்டரேயில் ஆர்.எம். சோத்பிஸ் நடத்திய ஏலத்தில் ஒரு 'கார்' விற்பனைக்கு வந்தது. கார் என்று சொல்வதே பெருந்தன்மை. எரிந்து, நசுங்கி, கருகிய தகரக் குவியல். 1954-ஆம் ஆண்டு ஃபெராரி 500 மோண்டியல் ஸ்பைடர். பந்தயத்தில் ஓடிய வண்டி. 1960-களில் விபத்தில் எரிந்து, பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. போன விலை 18 லட்சத்து 75 ஆயிரம் டாலர்.

அந்தத் தகரத்துக்கு ஏன் அந்த விலை? வாங்கியவர் தகரத்தை வாங்கவில்லை. அந்த சேஸ் எண்ணை வாங்கினார். முதல் தொடரில் பினின்ஃபரினா நிறுவனம் பாடி கட்டிய 13 ஸ்பைடர்களில் அது ஒன்று. எந்தப் பந்தயத்தில் ஓடியது, யார் ஓட்டினார் என்பதற்கு ஆவணம் இருந்தது. அதன் சொந்த கியர் பாக்ஸும் கூடவே வந்தது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் சந்தையில் 'மேட்சிங் நம்பர்ஸ்' என்று அடிக்கடி சொல்வார்கள். தொழிற்சாலையில் அந்த சேஸோடு சேர்த்துப் போட்ட அதே இஞ்சின், அதே கியர் பாக்ஸ் இன்னும் அந்த வண்டியிலேயே இருக்கிறது என்று அர்த்தம். ஃபெராரி தன் பழைய கார்களுக்குத் தானே சான்றிதழ் கொடுக்கிறது. எம்.ஜி, ஆஸ்டின் ஹீலி போன்ற பிரிட்டிஷ் கார்களுக்கு, பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் சான்றிதழ் தருகிறது.

எனவே பட்டறைக்குப் போவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது, டார்ச் அடித்து சேஸ் நம்பர், இஞ்சின் நம்பரைப் படம் எடுத்து, ஆர்.சி. புக்கோடு ஒப்பிடுவது. இஞ்சின் உடைந்துபோனாலும் அந்த பிளாக்கைத் தூக்கிப் போடாதீர்கள். வேறு இஞ்சின் மாட்டினாலும் பழையதை மூலையில் வைத்திருங்கள். விற்கும்போது அதற்கும் விலை உண்டு.

ரிப்பேர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. ஏராளமாகத் தயாரான காருக்கு ஸ்பேர் மலிவு, ஆனால் காரின் மதிப்பும் குறைவு. அரிய காருக்கு ஒவ்வொரு பாகத்தையும் கையால் செய்ய வேண்டும், ஆனால் மதிப்பு அதைத் தாங்கும். உண்மையில் மாட்டிக்கொள்வது நடுவில் இருப்பவர்கள்தான். ஸ்பேர் கிடைக்காத அளவுக்கு அரிது, ஆனால் வாங்க யாரும் வரிசையில் நிற்காத மாடல். உங்கள் கார் அந்த ரகம் என்றால், மனசு கேட்காவிட்டாலும், விற்பதுதான் பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

பள்ளத்தில் விழுந்த 8 கார்வெட்கள்

சரிசெய்வதா வேண்டாமா என்ற கேள்வி ஒரே நாளில் 8 கார்களுக்கு வந்த கதை ஒன்று உண்டு.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், பௌலிங் கிரீன். அங்கே கார்வெட் கார்களுக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. 2014 பிப்ரவரி 12 அதிகாலை, கண்காட்சிக் கூடத்தின் தரை திடீரென்று உள்வாங்கியது. அந்தப் பகுதியின் நிலத்தடி சுண்ணாம்புப் பாறைக் குகைகள் நிறைந்தது. 8 கார்கள் பள்ளத்துக்குள் போயின. திறப்பதற்கு முன்பே நடந்ததால் யாருக்கும் காயமில்லை.

பள்ளத்தில் விழுந்தவற்றில் 1962-ஆம் ஆண்டு கறுப்பு கார்வெட், 1992-இல் தயாரான 10 லட்சமாவது கார்வெட், 2009-இல் தயாரான 15 லட்சமாவது கார்வெட், 'ப்ளூ டெவில்' என்ற 2009 முன்மாதிரி கார் எல்லாம் இருந்தன.

முதலில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்றுதான் பேச்சு. மேலே தூக்கிப் பார்த்த பிறகு கணக்கு மாறியது. 'ப்ளூ டெவில்' அவ்வளவு மோசமில்லை. தூக்கி வைத்த பிறகு ஸ்டார்ட் ஆகி ஓடியது! அதைச் சரிசெய்தார்கள். 10 லட்சமாவது காரையும், 1962 காரையும் சரிசெய்ய முடிவானது. மீதி 5 கார்களையும் அப்படியே, நொறுங்கிய நிலையிலேயே வைத்துவிட்டார்கள்.

ஏன்? ஐந்தும் மோசமாக நசுங்கியிருந்தன. சரிசெய்யப்போனால் பெரும்பாலான பாகங்களைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். பிறகு அதில் பழைய கார் என்று சொல்ல என்ன மிச்சம் இருக்கும்? இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பள்ளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சேதமே அந்தக் கார்களின் வரலாறாகிவிட்டது.

10 லட்சமாவது காரில் செய்த வேலை இன்னும் சுவாரஸ்யம். 1992-இல் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் அதன் பாகங்களில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். புதுப் பாகம் மாட்டினால் அந்தக் கையெழுத்து போய்விடும். எனவே மிச்சிகனில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் தொழில்நுட்ப மையத்தில், முடிந்தவரை பழைய பாகங்களையே சரிசெய்து பொருத்தினார்கள். காப்பாற்றவே முடியாத இரண்டு பாகங்களில் இருந்த கையெழுத்துகளை மட்டும் ஸ்கேன் செய்து, புதிய பாகங்களில் பதித்தார்கள். சுமார் 4 மாத வேலை. 2015 செப்டம்பரில் கார் மீண்டும் காட்சிக்கு வந்தது. 1962 கார் தயாராக 2018 பிப்ரவரி ஆனது.

இதில் நமக்கு என்ன? ஒரு காரின் மதிப்பு எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பந்தயத்தில் ஓடிய காருக்கு அது சேஸ். அப்பா 40 வருஷம் ஓட்டிய காருக்கு அது தேய்ந்த ஸ்டீயரிங்காகவும் கிழிந்த லெதர் சீட்டாகவும் இருக்கலாம். 'ஃபுல் ரீஸ்டோரேஷன்' என்ற பெயரில் அதையெல்லாம் மாற்றி, புதுசு போல மின்ன வைத்துவிட்டு, "இது எங்கப்பா வண்டி மாதிரியே இல்லை" என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சந்தையிலும் இப்போது பழமை கெடாத வண்டிக்கு மவுசு உண்டு. இத்தாலி-சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள மஜோரே ஏரியின் அடியில் பல பத்தாண்டுகள் கிடந்து, 2009-இல் மேலே கொண்டுவரப்பட்ட 1925 புகாட்டி, 2010-இல் 2 லட்சத்து 60 ஆயிரத்து 500 யூரோவுக்கு ஏலம் போனது. வாங்கியவர்கள் அதைச் சரிசெய்யாமல், துருவும் ஓட்டையுமாகவே கலிஃபோர்னியாவில் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

இன்ஷூரன்ஸ் என்ன சொல்லும்?

பிரிட்டனில் இழப்பீடு கொடுத்து எழுதித் தள்ளிய கார்களை 2017 அக்டோபர் முதல் நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். 'ஏ' என்றால் முழுசாக நொறுக்க வேண்டும். 'பி' என்றால் பாகங்களை எடுத்துக்கொண்டு பாடியை நொறுக்க வேண்டும். 'எஸ்' என்றால் எலும்புக்கூட்டில் அடி, ஆனால் சரிசெய்து ஓட்டலாம். 'என்' என்றால் எலும்புக்கூட்டில் அடியில்லை. இந்த முத்திரை விழுந்தால் காரின் வரலாற்றில் அது நிற்கும். கிளாசிக் கார் வைத்திருப்பவர்கள் அங்கே 'ஒப்புக்கொண்ட மதிப்பு' பாலிசி எடுப்பது வழக்கம். கார் போனால் இவ்வளவு என்று முன்பே எழுதி வைத்துவிடுவார்கள்.

இந்தியாவில் நமக்கு இருப்பது ஐ.டி.வி. 5 வருடத்துக்கு மேற்பட்ட காருக்கும், தயாரிப்பு நின்றுபோன மாடலுக்கும் அந்தத் தொகையை நிறுவனமும் நீங்களும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிரீமியம் குறையும் என்று ஐ.டி.வி-யைக் குறைத்துப் போட்டுவிடுவார்கள்.

அதனால் என்ன ஆகும்? ரிப்பேர் செலவு ஐ.டி.வி-யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். சந்தையில் 20 லட்சம் போகிற காருக்கு 8 லட்சம் ஐ.டி.வி. போட்டிருந்தால், 6 லட்சத்தைத் தாண்டிய ரிப்பேருக்கே வண்டி டோட்டல் லாஸ் ஆகிவிடும். உங்களுக்கு 8 லட்சத்துக்கு மேல் கிடைக்காது. மேலே சொன்ன கணக்கில் ரிப்பேர் பண்ண வேண்டிய வண்டி, பாலிசிப்படி செத்த வண்டி!

டோட்டல் லாஸ் ஆகாவிட்டாலும் முழுச் செலவும் வராது. சாதாரண பாலிசியில், 10 வருடத்துக்கு மேற்பட்ட காரின் இரும்புப் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் 50 சதவீதம். ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. அதாவது 4 லட்சம் ரூபாய்க்கு இரும்பு ஸ்பேர் வாங்கினால் 2 லட்சம் உங்கள் கையிலிருந்துதான். தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' பாலிசி இவ்வளவு பழைய வண்டிக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

டோட்டல் லாஸ் என்றால் வண்டியை நிறுவனத்திடம் கொடுத்தே ஆக வேண்டுமா? உடைந்த வண்டியின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்கி, வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. ஆனால் ஆர்.சி. என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவின்படி, அழிந்துபோன அல்லது இனி ஓட்டவே முடியாத வண்டி பற்றி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவு ரத்தாகும். ஒருமுறை ஆர்.சி. ரத்தானால், பிறகு எத்தனை லட்சம் போட்டு அழகாக்கினாலும் சாலையில் இறக்குவது பெரும்பாடு. சர்வேயர் தாளில் கையெழுத்துப் போடும் முன் இதை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

50 வருடத்தைத் தாண்டிய கார் என்றால் இன்னொரு விஷயம். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிதான் 'வின்டேஜ்'. சேஸ், பாடி ஷெல், இஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்ய 20 ஆயிரம் ரூபாய். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ' என்ற எழுத்துகள் வரும். இப்படிப் பதிவான வண்டியை தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான். எனவே எம்.ஜி.பி-க்கு லண்டனிலிருந்து புது பாடி வரவழைக்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள், அதன் பிறகும் இந்த வரையறைக்குள் வண்டி வருமா என்பதை முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

ரிப்பேரும் வேண்டாம், விற்கவும் வேண்டாம் என்றால்?

அதற்கும் வழி இருக்கிறது. வண்டியைக் காயவைத்து, பெட்ரோலை வடித்து, துரு பரவாமல் எண்ணெய் பூசி, மேலே காற்றோட்டமுள்ள கவர் போட்டு, கூரைக்குக் கீழே நிறுத்தி வைக்கலாம். ஒரு வருடம் யோசிக்க நேரம் கிடைக்கும். பிளாஸ்டிக் தார்பாயை இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே ஈரம் தங்கி, விபத்து செய்யாததை அது செய்துவிடும்.

செய்யவே கூடாதது, பாதி கழட்டிவிட்டு நிறுத்துவது. அடிபட்ட, ஆனால் முழுசாக இருக்கும் வண்டிக்கு ஒரு விலை கிடைக்கும். பாதி கழட்டி, ஸ்க்ரூ ஒரு டப்பாவில், வயரிங் இன்னொரு சாக்கில் என்று இருக்கும் வண்டிக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது. வாங்குபவருக்கு என்ன தொலைந்தது என்றே தெரியாதே. கழட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்து, பாகத்துக்குப் பெயர் எழுதிக் கட்டி வையுங்கள்.

உணர்வுக்காகச் சரிசெய்வதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அப்போது லாபக் கணக்கு சொல்லி வீட்டில் சம்மதம் வாங்காதீர்கள். "எங்கப்பா வண்டி, இவ்வளவு ரூபாய் வரைக்கும் போடுவேன், அதுக்கு மேல ஒரு பைசா இல்லை" என்று ஒரு தொகையை முதல் நாளே எழுதி வையுங்கள். பட்டறைக்கும் முழுத் தொகையை முன்பணமாகத் தராமல், டிங்கரிங் முடிந்தால் இவ்வளவு, பெயிண்ட் முடிந்தால் இவ்வளவு என்று கட்டம் கட்டமாகக் கொடுங்கள்.

விற்பது என்று முடிவானால்

முதலில் கேட்க வேண்டியவர் பக்கத்துத் தெரு புரோக்கர் இல்லை. அதே மாடல் வைத்திருப்பவர்களும் பழைய கார் சங்கங்களும்தான். அவர்களுக்கு உங்கள் கண்ணாடியில், கதவில், கியர் பாக்ஸில் என்ன அருமை என்று தெரியும். அடுத்து ரீஸ்டோரேஷன் பட்டறைகள். பாகம் பாகமாகப் பிரித்து விற்பவர்கள் அதற்குப் பிறகு. காயலான் கடை கடைசி. அங்கே எடைக்குத்தான் விலை.

விற்பதற்காக அவசரமாகப் பட்டி பார்த்து, மலிவு பெயிண்ட் அடிக்காதீர்கள். விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்ததும் 'உள்ளே எதையோ மறைக்கிறார்கள்' என்றுதான் நினைப்பார்கள். அடிபட்டதை அடிபட்டபடி காட்டி, விபத்து நடந்த அன்று எடுத்த படம், சர்வேயர் ரிப்போர்ட், பட்டறை கொட்டேஷன் மூன்றையும் கூடவே கொடுத்தால் பேரம் பேசும் இடம் குறையும்.

பணம் கைக்கு வந்ததும் வேலை முடியவில்லை. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, ஆர்.டி.ஓ. பதிவில் பெயர் மாறியதா என்று நீங்களே பார்க்க வேண்டும். வண்டியை விற்றிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 'ஓடாத வண்டிதானே, மெதுவா மாத்திக்கலாம்' என்று விட்டுவிட்டால், வாங்கியவர் இரண்டு வருடம் கழித்து அதைச் சரிசெய்து சாலையில் இறக்கும் நாளில் ஆர்.சி-யில் உங்கள் பெயர்தான் இருக்கும்.